ஒரு அடிக்கு ஒரு இஞ்சு

கல்யாணமாகிப் போத்தனூருக்கு வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. என் வீட்டுக்காரர் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டினார். கோயமுத்தூரில் பம்ப்செட்டும் கிரைண்டரும் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்தால் இரண்டொரு நாள் தங்குவார், அதிலும் பாதியைத் தூங்கியே கழிப்பார். மற்ற நாளெல்லாம் நானும் தையல் மெஷினும்தான். அக்கம்பக்கத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள், அளவு சொல்வார்கள், போய்விடுவார்கள். சில நாள் சாயங்காலம்வரை என் குரலை நானே கேட்டிருக்கமாட்டேன். ரயில் ஜங்ஷனில் பெட்டிகள் கோக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, வண்டியில எங்கீங்க படுப்பீங்க?"

"சீட்டுக்குப் பின்னால ஒரு பலகை இருக்குது அம்மணி. அண்ணன் ஓட்டறப்ப நான் படுத்துக்குவேன், நான் ஓட்டறப்ப அவரு."

அண்ணன் என்றது கூட ஓட்டும் டிரைவரை. சங்ககிரிக்காரர், இவரைவிட வயதில் மூத்தவர்.

"கால நீட்டிப் படுக்கலாங்களா?"

"நல்லா நீட்டிப் படுக்கலாம். ஊட்டுக் கட்டலாட்டத்தான்."

அவர் கிளம்பிப் போனபிறகு அந்தப் பலகையை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. லாரிக்குள் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பம்ப் வந்த அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதை வெட்டி ஒரு கேபின் செய்தேன். சீட்டு, சீட்டுக்குப் பின்னால் பலகை. அவருடைய பழைய லுங்கியில் ஒரு துண்டு கிழித்து அதன்மேல் விரித்தேன். அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்தமுறை வந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது லாரியாட்டவா இருக்குது? தீப்பெட்டியாட்ட இருக்குது."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப அளவு எடுக்கக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

நிஜமாகவே கூட்டிப்போனார். லாரிப்பேட்டையில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் தையல் டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையோடு நான் லாரியைச் சுற்றி வந்தேன். வேறொரு டிரைவர் டீ கிளாஸோடு நின்று, "ஏனுங்க, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் டேப்பை விடவில்லை. "உள்ள ஏறிப் பாரு" என்றார். நாலு ஆம்பளைகள் பார்க்கச் சேலையோடு அந்த உயரப்படியில் கால் வைக்க வெட்கமாக இருந்தது. உள் அளவையெல்லாம் அவர் வாயால் சொல்லத்தான் எழுதிக்கொண்டேன்.

ஒரு அடிக்கு ஒரு இஞ்சு என்று வைத்துக்கொண்டேன். பேக்கிங் பெட்டிப் பலகையை இழைத்து பாடி கட்டினேன். எண்ணெய் டின்னைக் கத்தரித்து பானட் வளைத்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பிளேடால் வரிவரியாகப் பட்டன் கீறி டயர் செய்தேன். முதலில் செய்த டயர்கள் கோணிப்போய் வண்டி நொண்டியது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடி செய்தேன். மாத்திரை அட்டையின் கண்ணாடிக் குமிழ் ஹெட்லைட் ஆனது. கொண்டை ஊசி வைப்பர் ஆனது. குழந்தை வளையல் ஒன்று ஸ்டியரிங் ஆனது. பேல் கட்டி வரும் இரும்புப் பட்டையை அடுக்கி வில்லாகக் கட்டியதும் பின்பக்கம் நிஜ லாரிபோலவே கொஞ்சம் தொங்கி ஆடியது. கிழிந்த குடைத்துணியில் தார்ப்பாய் தைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். கேபின் கூரையை மட்டும் ஒட்டவில்லை. தூக்கினால் உள்ளே தெரியும்.

பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "மடியில ஒரு புள்ளய வெச்சுக்கற வயசுல லாரிய வெச்சுட்டு உக்காந்திருக்கறயே கண்ணு" என்றார். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மட்கார்டுக்குப் பெயிண்ட் அடித்தேன்.

இவருக்கு அந்த லாரிமேல் ஆசை வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றியதும் அதன் முன்னால்தான் உட்காருவார். "ஸ்டெப்னி இக்கட்ட வராது, அக்கட்ட வரும்" என்பார். "டீசல் டேங்க் இன்னுங் கொஞ்சம் பெருசு" என்பார். ஒருதடவை நாக்பூரில் இருந்து சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கிவந்து, தானே துணுக்குத் துணுக்காக வெட்டி ஒட்டினார். அதுவரை எங்களுக்குள் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை. அவர் கிளம்பிப்போனதும் நான் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் கூரையைத் தூக்கி அந்தப் பலகையைப் பார்ப்பேன். அவ்வளவுதான், மறுபடி மூடிவிடுவேன்.

ஒரு ஆடி மாதம் லாரி ஓனர் வேன் வைத்து இவரைக் கொண்டுவந்து இறக்கினார். தொடையிலிருந்து மாவுக்கட்டு. வடக்கே ஒரு மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி பாறையில் மோதியிருந்தது. ஸ்டியரிங்கில் இருந்தவர் இவர். பலகைப் பக்கம் நசுங்கி சங்ககிரி அண்ணன் போய்விட்டார். இதுவும் ஓனர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கட்டிலில் படுத்தபடி டிரங்குப்பெட்டிமேல் இருந்த என் லாரியைப் பார்த்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கே அதைத் துணியில் சுற்றி அட்டாலிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

இவர் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். இப்போது ராவும் பகலும் எதிரிலேயே இருந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்வார். நான் பேசினால் "ம்" என்பார். யாருமில்லாத வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகியிருந்தது. ஆள் இருக்கும் வீட்டில் தனியாக இருப்பது பழகவே இல்லை. மெஷினை மிதிக்கும் சத்தம்கூட அதிகமாகக் கேட்பதுபோலிருக்க, மெதுவாக மிதித்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, அண்ணனின் மனைவி சங்ககிரியிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை.

"தம்பி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அவரு அப்ப முழிச்சிருந்தாருங்களா, தூங்கிட்டு இருந்தாருங்களா?"

அந்த அக்கா காத்திருந்தார். இவர் என்னைப் பார்த்து, "அத எடு அம்மணி" என்றார்.

அட்டாலியிலிருந்து லாரியை இறக்கிக் கட்டிலில் வைத்தேன். போர்வையைச் சுருட்டி மேடாக்கினார். அதன்மேல் லாரியை வைத்துப் பிடித்துக்கொண்டார். "இப்பிடி எறங்கறமுங்க அக்கா. இந்த எடத்துல பிரேக் போயிருச்சு. இக்கட்டப் பள்ளம். அதனால அக்கட்டப் பாறைல ஏத்தீட்டேன்." கையாலேயே வண்டியை மெதுவாகக் கொண்டுபோய்த் தலையணையில் முட்டவைத்தார். "தூங்கிட்டுத்தானுங்க இருந்தாரு. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

நான் கூரையைத் தூக்கிக் காட்டினேன். அந்த அக்கா குனிந்து பார்த்தார். ஒரு விரலை உள்ளே விட்டுப் பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார்.

"கால நீட்டிப் படுக்க எடம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க அக்கா. நல்லா நீட்டித்தான் படுத்திருந்தாரு. ஊட்டுக் கட்டலாட்டத்தான்."

என்னிடம் சொன்ன அதே குரல்.

கிளம்பும்போது, "கண்ணு, இத நான் கொண்டுபோகட்டுமா?" என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் தலையசைத்தார். பெட்ஷீட்டில் கட்டிக்கொடுத்து பஸ் ஸ்டாப் வரை போனேன். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பி இவருக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "நெசமா தூங்கிட்டுத்தான் இருந்தாருங்களா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்ல. படுத்துட்டே பேசீட்டுத்தான் வந்தாரு. பிரேக் போனதும், 'தம்பி, பாத்து'ன்னாரு. அவ்வளவுதான்."

"பலகை?"

"ஒரு கோடில டூல்ஸ் பெட்டி இருக்கும். கால மடக்கித்தான் படுக்கோணும். எறங்கறப்ப முட்டி கடுக்கும்."

"எங்கிட்ட ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"நீ இங்க ஒத்தைல இருக்கற. நீயாவது தூங்கோணுமில்ல?"

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்தேன். அதுவரை அழாததெல்லாம் அப்போது அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கால் எலும்பு சேர ஒரு வருஷம் ஆனது. லேசாகத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். உள்ளூரில் மில் வேன் ஓட்டும் வேலை ஒன்று வந்தது. கொஞ்ச நாள் போனார், ஒட்டவில்லை. மறுபடி வடக்கே போகும் லைன் லாரிக்கே போனார். வேறு வண்டி, வேறு ஜோடி டிரைவர். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் சிலசமயம் தோன்றும். நான் திருப்பூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தேன். அதற்குப்பிறகு பொம்மை லாரி எதுவும் செய்யவில்லை. கை போகவில்லை.

எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் போன் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் ஆள் அனுப்பினார். ஓடிப்போய் எடுத்தேன். வடக்கே ஏதோ ஊரிலிருந்து இவர் பேசினார். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எப்பிடி இருக்கறீங்க?" என்றேன்.

எப்போதும் சொல்லும் "நல்லா இருக்கறேன்" வரவில்லை.

"குளுரு தாங்கல அம்மணி. கால் வலிக்குது. நேத்து எறக்கத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்துட்டேன். கை ஓடல."

கடையில் யாரோ துவரம்பருப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கும் இங்க முடியலீங்க" என்றேன். கல்யாணமானதிலிருந்து அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"தெரியும்" என்றார்.

அதன்பிறகு இரண்டுபேரும் ஒன்றும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. லைன் தானாகக் கட்டாகும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.