டைனமோ விளக்கும் என் குடியுரிமை மனுவும்

மலாக்காவில் விடிவதற்கு முன்னால் சைக்கிளில் போகிறவனின் முகத்தைப் போலீஸ்காரர் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்க்கிறார். காஜா பேராங்கில் இருக்கிற வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்குப் பதினோரு வருஷமாக நான் போய்வருகிறேன். நோயாளிகளுக்குக் கஞ்சியும் பாலும் காய்ச்சுகிற வேலை. அதனால் நாலரை மணிக்கெல்லாம் குளித்து, நீறு பூசி, முருகா என்று சொல்லிக் கிளம்பிவிட வேண்டும். முச்சந்தியில் நிற்கிற மாத்தா மாத்தா, அதாவது போலீஸ்காரர், என் முன்விளக்கைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அதே ஆளைப் பகலில் சந்தையில் பார்த்து நான் சிரித்தால், யார் இவன் என்று விழிப்பார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சைக்கிளுக்கு விளக்கில்லை என்பதற்காக ஒருவனைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள் என்றால் எப்படி நம்புவார்கள்?

பட்டுக்கோட்டையில் நான் சைக்கிள் விட்ட காலத்தில் வேறு வழக்கம். விளக்கில்லாதவன் அகப்பட்டால் போலீஸ்காரர் டயரின் வால்வைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். காற்று இறங்கிய வண்டியை அவன் உருட்டிக்கொண்டு போவான். தூரத்தில் தொப்பி தெரிந்ததுமே நாங்கள் இறங்கி உருட்ட ஆரம்பிப்போம். "நல்லா உருட்டுடா, வீடு வர உருட்டு" என்று அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். அது நல்ல முறை என்று சொல்ல வரவில்லை. வால்வைப் பறிகொடுத்துவிட்டு மூன்று மைல் நடந்தவன் நான். ஆனால் அங்கே நடந்தது அந்தத் தெருவோடு முடிந்துபோனது. இங்கே எல்லாம் எழுத்து. ஒரு போலீஸ்காரர் எழுதுகிற இரண்டு வரி எந்தெந்த மேஜைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

மெர்டேகா என்கிற சுதந்திரம் வந்த வருஷம்தான் இந்தச் சைக்கிளை வாங்கினேன். அதற்கு முன்னால் மண்ணெண்ணெய் விளக்கு. மழைக்காற்று அடித்தால் அணைந்துவிடும். நனைந்த தீக்குச்சியை உரசிக்கொண்டு நடுரோட்டில் நிற்பேன். ஊரெல்லாம் கொடி கட்டியிருந்த நாளில் புங்கா ராயா தெருவில் ஒரு சீனர் கடையில் 'லெட்ரிக் சைக்கிள்' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். லெட்ரிக் என்றால் வண்டி தானாக ஓடாது. பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு டைனமோ சுழலும். அந்த மின்சாரத்தில் விளக்கு எரியும். கடை முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் சீமையிலிருந்து வந்த வழவழப்பான புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில் சைக்கிளின் நடுக்கம்பியில் சிறிய பாட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது. சக்கரம் நின்றதும் டைனமோ ஓய்ந்துவிடும், அந்தக் கணமே பாட்டரி விளக்கை எடுத்துக்கொள்ளும், அணையவே அணையாது என்றார். சரி, அந்தப் பெட்டி எங்கே என்றேன். "அடுத்த கப்பல் தம்பி" என்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. புத்தகத்தில் அச்சடித்திருந்தால் அது உண்மை என்று நினைக்கிற ஆள். எத்தனையோ கப்பல் வந்துவிட்டது. பெட்டி மட்டும் வரவில்லை.

அந்தக் குறையோடு ஒரு வருஷம் ஓட்டினேன். ஓடும்போது விளக்கு நிலா மாதிரி எரியும். நின்றால் இருட்டு. அதுவரை முச்சந்தியில் நின்ற பழைய ஆளுக்கு அந்த விஷயம் தெரியும். பிறகு ஒருநாள் அவருக்குப் பதில் ஓர் இளைஞர் நின்றார். என்னைக் கண்டதும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். மரியாதைக்குப் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் நின்றது, விளக்கும் நின்றது. அவர் பக்கத்தில் வந்து, "லம்பு மானா?" என்றார். விளக்கு எங்கே என்கிறார். தொட்டுக் காட்டினேன். எரியவில்லையே என்றார். ஓடினால்தான் எரியும் என்று எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொல்லிப் பார்த்தேன், புரியவில்லை. சரி, காட்டிவிடலாம் என்று ஏறி மிதித்தேன். நான் தப்பி ஓடுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். கேரியரைப் பிடித்து இழுத்த இழுப்பில் என் சோற்றுத்தூக்கு தெறித்துத் திறந்து தயிர்சாதம் ரோடெல்லாம் கொட்டியது. அவருக்குப் பயம், எனக்குக் கோபம். எழுதிவிட்டார்: விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியது.

நிறுத்தச் சொன்னது அவர். நிறுத்தியதால் அணைந்தது. அணைந்ததால் குற்றம். இதில் நான் செய்த குற்றம் எது? நிற்கும்போதும் விளக்கு எரிய வேண்டும் என்கிறது சட்டம். நிற்கும்போது எரிகிற விளக்கை விற்கமாட்டேன் என்கிறது கடை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறவன் நான்.

என்னோடு சமையற்கட்டில் வேலை செய்கிற இருளப்பன் அண்ணன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எறங்கி நின்னிருக்கணும்டா வேலாயுதம். சீட்டுல குந்திக்கிட்டு நின்னா ஓட்டுறதாத்தான் எழுதுவான். போ, ஆமான்னு சொல்லி அபராதத்தக் கட்டிட்டு வந்து கஞ்சியக் கிண்டு."

"செய்யாததச் செஞ்சேன்னு எப்படிண்ணே சொல்றது?"

"ஆமா, இவரு அரிச்சந்திரன் பேரன். ஒரு வெளக்குக்கு இவ்வளவு சூசாவா?"

தொல்லை என்பதை இங்கே சூசா என்போம். அண்ணனுக்குச் சூசா. எனக்கோ அது வெறும் அபராதம் இல்லை. அதற்குப் பதினைந்து நாளைக்கு முன்னால்தான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். நன்னடத்தை உள்ளவனாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆமாம் என்று ஒத்துக்கொண்டால் குற்றவாளி என்று எழுத்தில் ஏறும். மனு என்ன ஆகுமோ தெரியாது. இல்லை என்று வழக்காடினால் சட்டத்தோடு சண்டை போடுகிறவன் என்று ஆகும். அப்போதும் என்ன ஆகுமோ தெரியாது. என் இரண்டு பெண்பிள்ளைகளும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்கள் ஒரு நாட்டிலும் நான் ஒரு நாட்டிலுமாக ஆகிவிடக் கூடாதே என்றுதான் மனுவே போட்டேன்.

வீட்டுக்காரி செல்லம்மாள் அந்த மனுவுக்கு முதலிலிருந்தே ஒத்துவரவில்லை. பட்டுக்கோட்டையில் என் தாயார் இருக்கிறார். ஆனால் என்னை விட அவளுக்குத்தான் ஊர் ஞாபகம் அதிகம். சம்மனைக் கையில் வாங்கிப் புரட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "ஒரு வெளக்கு அணைஞ்சதுக்கு ஒங்கள கூண்டுல ஏத்தறாங்க. இவங்ககிட்டப் போயி நான் ஒங்க ஊர் ஆளுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. ரோசம் இல்லியா?" என்றாள். அவள் சொன்னது நியாயம் என்று பட்டதால்தான் இன்னும் கோபம் வந்தது.

மறுநாளே தவுக்கேயிடம் போனேன். வண்டி நின்றால் விளக்கு அணைவது இந்தச் சாமானின் இயல்பு, ஓட்டுகிறவன் குற்றமில்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் பெரிய மனது பண்ணி ஒரு நாற்காலி போட்டு, ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

"நான் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு யார் தம்பி வாங்குவாங்க?" என்றார், பாதி மலாய், பாதித் தமிழில்.

"அப்ப பாட்டரிப் பெட்டியக் குடுங்க."

"தாடா, இல்ல தம்பி. அது இந்த நாட்டுக்கு அனுப்பறதில்ல. வெள்ளைக்காரன் ஊருக்கு மட்டும்தான்."

"அடுத்த கப்பல்னு சொன்னீங்களே?"

"கப்பல் வந்துச்சு லா. பெட்டி வரல. நான் என்ன செய்ய?"

அவர் சிரித்த சிரிப்பில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஒரு வெள்ளைக்காரன் முச்சந்தியில் நின்றால் அவன் விளக்கு எரியும். இங்கே நான் நின்றால் அணையும். ஆனால் சட்டம் மட்டும் அங்கே எழுதினது மாதிரியே இங்கேயும் எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தை அனுப்பத் தெரிந்த கப்பலுக்குப் பெட்டியை அனுப்பத் தெரியவில்லையா? ஆரஞ்சுத் தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கோர்ட்டுக்குச் சைக்கிளையும் கூடவே கொண்டுபோனேன். என் முறை வந்தபோது மொழிபெயர்ப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுத்தமான வேட்டி மாதிரி சுத்தமான தமிழ் பேசுவார், பொறுமையாகவும் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குப் பசி நேரம்.

"எரிந்ததா, எரியவில்லையா? ஒரு வார்த்தை சொல்லும்."

"ஓடுறப்ப எரிஞ்சுதுங்க. அவரு நிக்கச் சொன்னாரு, நின்னுச்சு."

"நின்றபோது எரிந்ததா?"

"சக்கரம் சுத்தாம எப்படிங்க எரியும்?"

கோர்ட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் வண்டியை வெளியே நிறுத்தியிருக்கிறேன், ஐயா கண்ணால் பார்த்துவிட்டுத் தண்டிக்கட்டும் என்றேன். மாஜிஸ்திரேட் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றினேன். பகலிலும் நன்றாகவே எரிந்தது. நிறுத்தினேன், அணைந்தது. பிறகு அந்த இளம் போலீஸ்காரரைக் கேட்டார்கள். அவர் பெயரைக்கூட நான் அறியேன், ஆனால் அவருக்காக அன்றிரவு விளக்கேற்றிக் கும்பிட்டேன். தூரத்தில் இவர் வரும்போது வெளிச்சம் தெரிந்தது, பக்கத்தில் போனபோது இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சோறு கொட்டியதையும் அவராகவே சொல்லி, என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

தீர்ப்பு என்ன தெரியுமா? எச்சரிக்கை செய்து விட்டுவிடுகிறேன், இனிமேல் நின்றாலும் எரிகிற விளக்காக வாங்கி மாட்டு என்றார் மாஜிஸ்திரேட். "எங்கங்க விக்கிது?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவே இல்லை. "எதுக்குங்க எச்சரிக்கை? தப்பு இல்லேன்னா தப்பு இல்லேன்னு சொல்லட்டுமே" என்றேன். "ஓய், விட்டதே பெரிசு, முதலில் வெளியே போம்" என்று என் தோளைத் திருப்பிவிட்டார். உள்ளே போனபோது இருந்த கோபம் அப்படியே என்னோடு வெளியே வந்தது. இப்போது முன்சக்கரத்துக்கு மேல் பழைய மண்ணெண்ணெய் விளக்கையும் கட்டியிருக்கிறேன். ஓடும்போது மின்சாரம், நிற்கும்போது மண்ணெண்ணெய். சுதந்திர நாட்டின் லெட்ரிக் சைக்கிள் இது.

இரண்டு மாதம் கழித்துக் குடியுரிமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் என் வயதுள்ள ஒரு மலாய்க்காரர். வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். விளக்குக் கதையை முதலிலிருந்து சொன்னேன். "தண்டனை இல்லையே, இதை எதுக்கு எழுதறது?" என்றார். எழுதுங்கள், மறைத்தேன் என்று நாளைக்கு வரக்கூடாது என்றேன். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். என் கதை முடிந்தது, மனுவைத் தூக்கிப் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர், "என் சைக்கிளும் அப்படித்தான், அனே" என்றார். அண்ணே என்பதுதான் மலாய்க்காரர் வாயில் அனே.

பிறகு உறுதிமொழி. அவர் வரிவரியாகச் சொல்ல நான் கையைத் தூக்கிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்பதைத் தடங்கலில்லாமல் சொன்னேன். வெளிநாடு எதற்கும் எனக்கு விசுவாசமே கிடையாது, அடியோடு விட்டுவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. வாய் நின்றுவிட்டது. அவர் இன்னொரு தரம் சொன்னார். ஒரு விளக்குக்காகப் பொய் சொல்லமாட்டேன் என்று கோர்ட் ஏறினவன், இதை எப்படிச் சொல்வேன்?

"அங்க என் அம்மா இருக்காங்க. மாசா மாசம் கடுதாசி போடறேன்" என்றேன்.

"எமாக் புக்கான் கெராஜாஆன், அனே" என்றார் அவர் மெதுவாக. அம்மா என்பவர் அரசாங்கம் இல்லையே என்கிறார். இவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு சின்னப் பதிலா என்று எனக்கு அழுகை வந்தது. அரசாங்கத்தை விட்டேன், அம்மாவை விடவில்லை என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லி முடித்தேன். அது சத்தியமா, சாமர்த்தியமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் செல்லம்மாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். குருக்கள் சங்கல்பம் சொல்ல ஆரம்பித்தார். இன்ன நாட்டில், இன்ன நாளில், இன்னார் வந்து நிற்கிறார் என்று சாமிக்கு அறிவிக்கிற மந்திரம் அது. வருஷக்கணக்காகக் காதில் விழுந்ததுதான். அன்றைக்குத்தான் காது கொடுத்தேன். பாரத வர்ஷே, பரத கண்டே என்றார். காலையில் கையைத் தூக்கி நான் விட்டுவிட்டதாகச் சொன்ன நாட்டில், மாலையில் குருக்கள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திச் சாமியிடம் காட்டுகிறார். செல்லம்மாள் முழங்கையால் இடித்தாள். "மாத்திச் சொல்லச் சொல்லுங்களேன். ஒங்களுக்குத்தான் பொய்யின்னா ஆகாதே" என்றாள். கேலிதான் செய்தாள், ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. குருக்களை நான் திருத்தவில்லை. குருக்கள் திரும்பி என் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அதை மட்டும் சத்தமாகச் சொன்னேன்.