நான் பெயரிட்ட 'யாரோ'

என் மனைவிக்கு நன்றி சொல்லிப் பழகியவன் அல்ல நான். இதை எழுதுவது அதற்காகத்தான்.

எங்கள் மைசூர் வீட்டு வைஃபையில் எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்று தினமும் காலையில் பார்ப்பேன். கல்லூரியில் வருகைப் பதிவு எடுத்த கை சும்மா இருக்காது. என் போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். ஒரு நாள் வெறும் எண்ணும் எழுத்துமாகப் புதிதாய் ஒன்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்குப் பாஸ்வேர்ட் கசிந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். அதற்கு 'யாரோ' என்று பெயரிட்டு, இணையம் போகாமல் தடுத்தேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினோரு நாள் கழித்து, மழை பிடித்துக்கொண்டதால் மூன்றரை மணிக்குக் கிளம்பிய நடையிலிருந்து பாதியில் திரும்பி, ஜன்னல் சாத்த மாடிக்குப் போனேன். அங்கே அவள், பெங்களூர் மகன் கொடுத்துவிட்டுப் போன பழைய போனை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிம் இல்லாத போன்.

"என்ன பண்றே?"

"சுத்திண்டே இருக்கு, வரமாட்டேங்கறது. அக்கா நாலு மணிக்குக் காத்துண்டிருப்பா."

நஞ்சன்கூட்டில் இருக்கும் அவள் அக்காவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. இவள் வீடியோவில் வாயைத் திறந்து காட்ட, அவர் பார்த்துச் சொல்லிப் பழகினாராம். 'ம்மா' வரை வந்திருந்ததாம். பேசி முடித்ததும் அணைத்துவிடும் போனை ஒரு ராத்திரி அணைக்க மறந்ததில்தான் அது என் காலைப் பட்டியலில் மாட்டியிருக்கிறது. இவள் முகம் வராமல் போனதிலிருந்து அவர் முயற்சியே செய்வதில்லை என்று அவர் மருமகள் லேண்ட்லைனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"'பேச வராதவளோட என்ன பேச்சு'ன்னேளே, மறந்துட்டேளா?"

சொன்னேன்தான். மறந்தும்விட்டேன்.

பட்டியலைத் திறந்து, அந்தப் போனுக்கு நான் வைத்த 'யாரோ' என்ற பெயரை அவளிடமே காட்டினேன். கன்னடத்திலும் தமிழிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், தப்பிக்க வழியில்லை.

"நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணி, நான் யாரோவா?" என்றாள். "சரி, பூட்டைத் திறங்கோ. மணி நாலாகப் போறது."

தடையை எடுத்தேன். அன்று அக்கா கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் உதடுகள் மெல்லச் சேர்ந்தன. "ம்மா."

நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். மனைவி திரும்பாமலே கூப்பிட்டாள்: "உள்ள வாங்கோ. நீங்க என்ன, யாரோவா?"

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் வாயைத் திறந்து காட்டினேன்.