ஒற்றைக்காதில் ஒரு குடித்தனம்

எங்கள் ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு 'ஒத்தக்காது' என்று பெயர். வைத்தது, விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் ரோலர் மெஷினில் நிற்கும் ஆள். அவளுக்கு இரண்டு காதும் பாம்புச்செவி. ஆனால் காலையில் வந்து ஏப்ரனைக் கட்டியதும் ஒரு காதில் மட்டும் வெள்ளையாக ஒரு இயர்பட்டைச் செருகிக்கொள்வாள். வேலை முடியும்வரை அது இறங்காது. நாங்கள் எதைச் சொன்னாலும் மறு காதைத்தான் திருப்பிக் காட்டுவாள்.

என்னைவிட மூத்தவள், அதனால் எனக்கு அக்கா. பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். விரிப்பின் இரண்டு ஓரமும் சேரும்போதெல்லாம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வோம். அப்படிப் பார்த்துப் பார்த்தே அவள் கதை எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். வாரக்கணக்கில் வீடு தங்காத மனுஷன். சர்க்கரை நோயைக் கண்டுகொள்ளாமல் விட்டதில் அது கண்ணில் கைவைத்தது. ஒரு கண்ணுக்குச் செய்த ஆபரேஷன் பலிக்கவில்லை, மறு கண் தானாகவே மங்கிப்போனது. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். மூன்றாம் மாடி வீட்டில், கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் அவர் நாள் போனது. தனியாக இருக்கப் பயம். லாரியைப் புரட்டிப்போட்ட மழையிலும் பயப்படாதவர், குழாய் சொட்டும் சத்தத்துக்கு "யாரு? யாரு உள்ள?" என்று கத்த ஆரம்பித்தார்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க அக்காவுக்கு வழியில்லை. எங்கள் சூப்பர்வைசரோ, வேலை நேரத்தில் கையில் போனைக் கண்டால் சாமியாடிவிடுவார். எல்லார் போனும் கதவோர அலமாரியில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இந்த இயர்பட்ஸை வாங்கி அனுப்பினாள். போன் அலமாரியில் இருந்தாலும் மடிக்கிற மேசைவரை குரல் வந்துவிடும்.

வந்த அன்றைக்கு மகள் போனிலேயே பாடம் நடத்தினாளாம்.

"அம்மா, ஒரு தடவ சார்ஜ் போட்டா ஆறு மணி நேரம் வரும். டப்பாவுல வச்சா இன்னும் மூணு தடவ ஏறும். ஒரு தட்டு தட்டினா போன எடுக்கும், அழுத்திப் பிடிச்சா சுத்தி இருக்கிற இரைச்சல அடக்கிடும். உனக்கு அந்த மெஷின் சத்தமே கேக்காது."

"அதெல்லாம் சரி. பேசுறவர் சத்தத்த அடக்குமா?"

"அப்பாவையா? அதுக்கு இன்னும் கண்டுபிடிக்கலம்மா!"

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "ஒன்ன மாட்டிக்கிட்டா இன்னொன்னு டப்பாவுல சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்குமா?" ஏறும் என்றாள் மகள். அன்றைக்கே அக்காவின் வாழ்க்கை முடிவாகிவிட்டது. வலது இறங்கினால் இடது, இடது இறங்கினால் வலது. பேட்டரி தீர்ந்து பேச்சு நின்றது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் பேசுவார். காலையில் இவள் பஸ் ஏறும்போது தொடங்கினால் ஓயாது. "இப்ப வெயில் சன்னலுக்கு வந்துருச்சா?" என்பார். "மேல் வீட்டுக்காரன் நாற்காலிய இழுக்கிறான், கேக்குதா?" என்பார். ஏதோ ஒரு மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையை எத்தனையாவது தடவையோ சொல்வார். இவள் "ம்" என்றால் போதும். ஆனால் அந்த "ம்" வந்தாக வேண்டும். வராவிட்டால், "இருக்கியா? கேக்குதா? ஏய், லைன்ல இருக்கியா?" என்று குரல் உயரும். விரிப்பின் மறுமுனையில் நிற்கும் எனக்கே அது கேட்கும்.

"என்னக்கா, சார் இன்னிக்கு எந்த ஊர் தாண்டிட்டார்?" என்று ரோலர்காரர் கிண்டல் செய்வார்.

"இன்னும் டீசலே போடல" என்பாள் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

முதலில் எங்களுக்கெல்லாம் அது பெருமையாகத்தான் இருந்தது. கண் போன புருஷனைக் காதில் வைத்துத் தாங்குகிறாள் என்று பேசிக்கொண்டோம். பக்கத்திலேயே நின்றதால் எனக்கு மட்டும் வேறொன்றும் தெரிந்தது. அவள் வரவர இளைத்துப்போனாள். உடம்பு இளைத்ததைச் சொல்லவில்லை. ஏதாவது கேட்டால் பதில் வர நேரமானது. துண்டை நான்காக மடித்துவிட்டு, மடித்தது மறந்து திரும்பப் பிரித்தாள். ஒருநாள் என்னிடம், "ராத்திரி அவர் தூங்கின பொறவும் காதுக்குள்ள யாரோ பேசுற மாதிரியே இருக்குடி" என்றாள்.

காலம் போகப்போக அந்தக் கருவியும் களைத்துப்போனது. ஆறு மணி நேரம் தாங்கியது பாதியானது, பிறகு அதிலும் பாதி. மெஷினுக்கும் மனுஷருக்கும் பேட்டரி விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை போலிருக்கிறது. இடது பக்கத்தது முதலில் சோர்ந்தது. சார்ஜ் குறைந்தால் ஒரு பெண்குரல் காதுக்குள் ஆங்கிலத்தில் எச்சரிக்கும். அவளுக்கு அக்கா 'துரையம்மா' என்று பெயர் வைத்திருந்தாள். "துரையம்மா கத்துறா, இரு" என்று சொல்லி, மடிப்பதை நிறுத்தி, ஏப்ரன் பையிலிருந்து டப்பாவை எடுத்து மாற்றிக்கொள்வாள். டப்பா மூடியின் விளக்கும் பச்சையாக இருந்த காலம் போய் எந்நேரமும் சிவப்பாகவே எரிந்தது.

காதும் கெட்டது. நாள் முழுக்க அடைத்தே வைத்த காதில் எங்கள் நீராவிப் புழுக்கமும் சேர, முதலில் அரிப்பு, பிறகு சீழ். பார்த்த டாக்டர், "ரெண்டு காதையும் கொஞ்ச நாள் காத்தாட விடுங்கம்மா" என்றாராம்.

"துணியா காயப்போட?" என்று என்னிடம் வந்து சொன்னாள். "வீட்ல அவர்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும்."

"ம்" என்றாள். அவரிடம் சொல்கிற அதே "ம்". மருந்தை ஊற்றிப் பஞ்சை வைத்து, அதன்மேலேயே செருகிக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் ஏப்ரனை மாற்றும்போது பழையதை அப்படியே அழுக்குக் கூடையில் போட்டுவிட்டாள். பையில் டப்பா. உள்ளே இடது பக்கத்தது. துரையம்மா கத்தியபோதுதான் பையைத் தடவிப் பார்த்தாள். அதற்குள் கூடைத் துணியெல்லாம் மெஷினுக்குள் போய், கொதிக்கும் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினாலும் கதவு திறக்காது. மெஷின் கண்ணாடி வழியே ஏப்ரன்களுக்கு நடுவில் அந்த வெள்ளை டப்பா வந்து வந்து மோதிப் போவதை நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம்.

"நல்லா வெளுத்து வரும்" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அலமாரிக்குப் போய், சூப்பர்வைசர் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"என்னங்க, காதுல மாட்டுறது கெட்டுப்போச்சு. சாப்பாட்டு நேரத்துல நானே கூப்பிடுறேன். சும்மா படுத்திருங்க. எந்திரிக்காதீங்க."

அவர் ஏதோ நீளமாகக் கேட்டார். "கூப்பிடுறேன்னு சொல்றேன்ல" என்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு நாங்கள் மடித்த ஒரு வண்டி விரிப்புக்கும் அவள் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை மட்டும், "அந்தப் பழைய டிரையர்ல ஒரு பெல்ட் கத்துதே, எத்தன நாளா கத்துது?" என்று கேட்டாள். அது மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. கை கழுவிவிட்டு வருகிறேன், ஆளைக் காணோம். டிரையரிலிருந்து அப்போதுதான் இறக்கிய துண்டுக் குவியலில், சூட்டோடு சூடாக, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. நான் எழுப்பவில்லை. ரோலர்காரர் வந்து பார்த்துவிட்டு, கிண்டல் எதுவும் செய்யாமல் சுவரோரமாகச் சுற்றிப் போனார். சூப்பர்வைசர் வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வாட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார். அவருக்கும் வீடு என்று ஒன்று இருக்கும்தானே.

சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்து வெகுநேரம் கழித்து அவளாகவே விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியாத முகம். பிறகு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். அவர் வரிசையாகக் கூப்பிட்டிருந்தார். பிறகு கூப்பிடவே இல்லை. இவள் திரும்பப் போட்டால் மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை.

"போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள்.

மிச்சமெல்லாம் மறுநாள் அவளே சொன்னது.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது. கட்டில் காலி. மூலையில் இருந்த அவருடைய ஊன்றுகம்பு இல்லை. படியில் தடதடவென்று இறங்கியபோது, ஏறும்போது பதற்றத்தில் கவனிக்காத குரல் ஒன்று கீழே முடிவெட்டும் கடைக்குள்ளிருந்து கேட்டது. பிரேக் பிடிக்காமல் போன அந்த மலைப்பாதை! உள்ளே எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் பாதி சோப்பு நுரை. பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிவெட்டுகிறவர் சவரக்கத்தியைக் கையில் பிடித்தபடி, "அப்புறம்? லாரி நின்னுச்சா, இல்லையா?" என்கிறார்.

இவள் பதில் சொல்லாததால் பயந்துபோய், யாரையாவது ஓட்டலுக்குப் போன் போடச் சொல்லலாம் என்று கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே அவர் கீழே இறங்கியிருக்கிறார். கடைசிப் படியில் சறுக்கி முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. முடிவெட்டுகிறவர்தான் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, தாடியைப் பார்த்துவிட்டு, "வந்தது வந்துட்டீங்க, இதையும் எடுத்துருவோம்" என்றாராம்.

மேலே வந்து கதவைச் சாத்தியதும் வீட்டுக்காரர் வெடித்தார்.

"எங்க போன நீ? செத்துகித்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்!"

"தூங்கிட்டேன்."

"தூங்கினியா? நான் இங்க துடிச்சுக்கிட்டு இருக்கேன், நீ அங்க தூங்கினியா?"

"ஆமா, தூங்கினேன்" என்றாளாம் அக்கா. "நல்லா இருந்துச்சு. இவ்வளவு நாள்ல நான் தனியா இருந்தது அந்தக் கொஞ்ச நேரந்தான். நீங்க இருட்டுல இருக்கீங்க, இல்லங்கல. நான் சத்தத்துல இருக்கேங்க. அங்க மெஷின், காதுக்குள்ள நீங்க. எனக்குன்னு ஒரு நெனப்பு நெனைக்க எடமில்ல."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது இவளுக்கே பயமாக இருந்ததாம். காயத்தைக் கழுவி மருந்து போடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"பேசிக்கிட்டே இல்லன்னா, நான் இருக்கேனான்னே எனக்கு சந்தேகமா இருக்கு."

அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு கட்டுத் துணியைச் சுற்றினாள்.

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"எப்பங்க சொல்றது? நீங்க எங்க நிறுத்தினீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை, அழுதாள். மடித்துக்கொண்டிருந்த விரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த விரிப்பைத் திரும்ப அழுக்குக் கூடையில் போட்டோம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சர்க்கரை உடம்பில் பட்ட காயம், ஆறுவதற்கு ஒரு மாதமானது. அதுவரை தினமும் கட்டு மாற்றும் வேலை இவள் தலையில் விழுந்தது. முடிவெட்டுகிறவர் காலையில் மேலே வந்து அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைக்கிறார். கூட்டம் உள்ள நாளில், "அண்ணே, வர்றவன் முடி வெட்ட வந்தானா, கத கேக்க வந்தானான்னே தெரியல" என்று அவரே அலுத்துக்கொள்வாராம். சில நாள் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு கடைக்குப் போகமாட்டார். அன்றைக்கெல்லாம் அக்காவின் போன் பழையபடி அலறும்.

விஷயம் தெரிந்ததும் மகள், வேறு மாடல் அனுப்புகிறேன் என்று நின்றாள். "இது நாள் முழுக்கத் தாங்கும்மா, டப்பாவே தேவையில்ல."

"நாள் முழுக்கத் தாங்குறது வேணாம்டி" என்றாள் அக்கா. "கொஞ்ச நேரம் தாங்கிட்டு அதுவா நின்னு போகுமே, அந்த மாதிரி ஒன்னு இருந்தா பாரு."

மகள் கேட்கவில்லை, அனுப்பிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், காதில் சீழ் இல்லாத நாளாகப் பார்த்து, அக்கா இரண்டையும் மாட்டிக்கொண்டு அவரிடம் பேசுவாள். பேசி முடித்ததும் கழற்றிவிடுவாள். மற்ற நேரத்தில் எங்களோடு பேசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பேச்சில்லாமல் இருப்பதுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. களைப்பும் எங்கேயும் போகவில்லை. முதுகு வலிக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறாள், விடிந்தால் திரும்ப வருகிறாள்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார். அக்கா இயர்பட்ஸைத் தேடாமல் போனையே காதில் வைத்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேங்க."

"சரி. சாப்பிடு."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அக்கா போனை எடுத்துப் பார்த்தாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஒரு தடவை "ஹலோ" என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"அவரா வச்சுட்டாருடி" என்றாள் என்னிடம். பிறகு கையில் இருந்த கவளத்தை வாயில் போட்டு, மெதுவாக மென்று விழுங்கினாள்.