ரோமாபுரியை ஜெயித்த அமுதா அக்கா

அமுதா அக்கா போய்விட்டார். இன்று விடியக்காலையில், சூலூரில், அவர் வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக்.

பம்ப் கம்பெனியில் பதினொரு வருஷம் எனக்குப் பக்கத்து டேபிள். நான் டிசைன், அவர் குவாலிட்டி செக்கிங்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் என்னுடைய போர்டு கேம் அச்சாகி வந்துவிட்டது என்று போட்டோ போட்டேனே... அதற்கு லைக் போட்ட அத்தனை பேரும் அவருக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறீர்கள்.

ஆறு பேர் ஆடும் ஆட்டம் அது. எகிப்து, ரோம், சீனா, சுமேரியா, சிந்துவெளி, நம்ம சேர நாடு என்று ஆளுக்கொரு பழைய நாகரிகம். முதலில் எட்டு நகரம் சேர்ப்பவர் ஜெயிப்பார்.

ஏழு வரைக்கும் கட்டிக்கொள்ள இடம் இருக்கும். எட்டாவது வேண்டுமென்றால் அடுத்தவர் மேல் படையெடுத்துப் பிடிக்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

ஆட உட்கார்ந்தவர்கள் எல்லாம் நம்ம ஊர்க்காரர்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

சிங்காநல்லூரில் என் வீட்டு மாடியில் முதல் டெஸ்ட். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம், சாயங்காலம் ஐந்தாகியும் ஆட்டம் முடியவில்லை. எல்லோரிடமும் ஆறு, ஏழு நகரம். ஒரு போர்கூட நடக்கவில்லை.

எகிப்திடம் படை குவிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே சுமேரியா, காவலுக்கு ஆளே இல்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எகிப்து ஆடிய அண்ணனிடம் கேட்டேன்.

"அவிங்க கொண்டாந்த முறுக்கத்தான தின்னுட்டு இருக்கறனுங்க. அதே கையில எப்படிங்க படையெடுக்கறது?"

கடைசியில் களைத்துப்போய் நிறுத்தினோம். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நாலு பேரும் ஒரே மாதிரி, "நல்லா இருக்குதுங்க."

அமுதா அக்கா மட்டும் ஹேண்ட்பேக்கைத் திறந்தார். கம்பெனியில் தேறாத பார்ட்ஸ் மேல் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து என் பெட்டி மூடியில் ஒட்டினார்.

"கோவிச்சுக்காத கண்ணு. முடியாத ஆட்டத்த எவன் வாங்குவான்?"

கோவித்துக்கொண்டேன். மூன்று வருஷ உழைப்பு. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை... பக்கத்து டேபிளில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது பெரிய தண்டனை. எனக்குத்தான் சொல்கிறேன், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் இன்னும் நாலு டெஸ்ட். போரில் ஜெயித்தால் கிடைப்பதைக் கூட்டினேன், படைக்குப் பலம் கூட்டினேன், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஐந்தாகிவிட்டது.

இதற்கிடையில் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனிக்காரர் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். ஐந்து மணி நேரத்துக்குள் ஒருவர் ஜெயித்தாக வேண்டும், இல்லையென்றால் எங்களால் வெளியிட முடியாது என்று மெயில். அதோடு கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

கேன்டீனில் மெயிலை அக்காவிடம் காட்டினேன். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே படித்தார்.

"நம்மாளுக கேக்காம எடுக்க மாட்டாங்க. ஆனா கேட்டா இல்லீன்னும் சொல்ல மாட்டாங்க. அந்தக் கேக்கறதையே ரூலாக்கிப் போடு."

அவ்வளவுதான். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். போருக்கு முன் கேட்டே ஆக வேண்டும். கொடுத்தால், கொடுத்தவருக்கு இரண்டு மரியாதை அட்டை, அதை வைத்துப் படை திரட்டலாம். முடியாது என்றால் போர், ஆளுக்கொரு பகடை.

பெங்களூர்க்காரர் வந்தார். அதே ஆறு பேர், அதே மாடி. முறுக்கு அண்ணன்தான் ஆரம்பித்து வைத்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊர எடுத்துக்கட்டுங்களா?"

"அதுக்கென்னங்க, எடுத்துக்குங்க."

நகரங்கள் மடமடவென்று கை மாறின. முகதாட்சண்யத்திலேயே சிந்துவெளி பாதி காலி. மூன்று நகரம் கொடுத்த சீனா நாலாவது தடவை, "இனி முடியாதுங்க" என்றது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எங்கள் மாடியில் முதல் போர்.

நாலு மணி நேரம் தாண்டியது. சேர நாடு அமுதா அக்கா, ஏழு நகரம். ரோம் நான், எனக்கும் ஏழு. முறை அவருடையது.

"ஏனுங்க மகாராணி, ரோமாபுரிய எடுத்துக்கட்டுங்களா?"

"முடியாதுங்க அக்கா."

"அப்படிச் சொல்லு" என்று பகடையைக் கையில் எடுத்தார். எனக்கு ஐந்து விழுந்தது. அவருக்கு ஆறு.

முறுக்கு அண்ணன் விசிலடித்தார். தோற்றவள் நான், அதிகம் கத்தியவளும் நான்தான். "நாலு மணி பத்து நிமிஷம்" என்று பெங்களூர்க்காரர் வாட்சைத் தட்டிக் காட்டிவிட்டுக் கை கொடுத்தார்.

அக்கா பேக்கிலிருந்து பச்சை ஸ்டிக்கரை எடுத்து அந்த ஐந்து சிவப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பச்சையையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்... எனக்குத் தெரியவே தெரியாது.

கிளம்பும்போது ரோமாபுரிக்கு வைத்திருந்த சின்ன மரக்கட்டை அவர் உள்ளங்கையில் இருந்தது.

"இத ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா கண்ணு? ஜெயிச்சதாச்சே."

"முடியாதுங்க அக்கா. இருக்கறது இந்த ஒண்ணுதான். பெங்களூருக்கு சாம்பிள் அனுப்பணும்."

"செரி, அப்ப இன்னொரு போருதான்." மேஜையில் வைத்துவிட்டு, "வாரேன்" என்று சூலூர் பஸ் பிடிக்க ஓடினார்.

சாம்பிள் திரும்பி வந்து பல மாதமாகிவிட்டது. கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று... என் டிராயரில்தான் கிடந்தது.

இன்று மத்தியானம் சூலூர் போனேன். அதைக் கையோடு எடுத்துப் போய், அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு வந்தேன்.

நீங்க ஜெயிச்சதுதானுங்க அக்கா. எடுத்துக்குங்க.