தரையைத் தொட்ட திரைச்சீலை

திரைச்சீலைப் பட்டறையில் அவரைக் ‘கத்திரி அக்கா’ என்றுதான் அழைப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே துணி வெட்டுகிறார். எட்டு மீட்டர் நீள மேசையின் வலது முனை அவருடைய இடம். கத்தரிக்கோல், சுண்ணக்கட்டி, இரும்பு அளவுகோல், துணி நகராமல் அழுத்தி வைக்க நான்கு எடைக்கற்கள். அவர் வெட்டிய துணி கோணல் என்று திரும்பி வந்ததாகப் பட்டறையின் ஆர்டர் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆறாம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டவர். அதன்பின் அவர் போட்ட கணக்கெல்லாம் துணியின் மேல் போட்டதுதான்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய ஒரே மகள், அரையாண்டுத் தேர்வில் கணக்கில் இருபத்து மூன்று மதிப்பெண் எடுத்தாள். ஆண்டுத் தேர்வில் நாற்பது எடுக்காவிட்டால் தோழிகள் எல்லோரும் எட்டாம் வகுப்புக்குப் போக, அவள் மட்டும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். தேர்வுக்கு ஒன்பது வாரங்கள் இருந்தன. கணக்கு ஆசிரியை பெற்றோரை வரச் சொல்லியிருந்தார். அப்பா குளிர்சாதன வண்டி ஓட்டி மீன் கொண்டுசெல்பவர். அன்று வண்டியோடு வெளியூரில் இருந்தார். எனவே அம்மா மட்டும் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனார்.

ஆசிரியை விடைத்தாளை விரித்தார். பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் எட்டு சென்டிமீட்டர் அகலமும் கொண்ட செவ்வகத்தின் பரப்பு என்ன என்பது கேள்வி. மகள் நூற்று அறுபத்தைந்து என்று எழுதியிருந்தாள்.

“தொண்ணூத்தாறு வரணும். இவ பதினஞ்சையும் பதினொண்ணையும் பெருக்கியிருக்கா. அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னே எனக்குப் புரியல.”

அம்மா தாளை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “சரியாத்தானே டீச்சர் போட்டிருக்கா? பக்கத்துக்கு ஒன்றரை தையலுக்கு விட வேணாமா? நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொன்ன அளவுக்கே வெட்டினா தைச்சு முடிக்கிறப்ப குறைஞ்சு போயிடுமே!”

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “அம்மா, அது துணி இல்லம்மா. வெறும் செவ்வகம்.”

தாம் கொடுத்த உதவியே பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறது என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “இனிமே நான் அவ புத்தகத்தையே தொடமாட்டேன் டீச்சர்.”

“அதைத்தான் செய்யக் கூடாது” என்றார் ஆசிரியை. “அஞ்சாவது வரைக்கும் விடை வந்தாப் போதும். ஆறு, ஏழு, எட்டு வகுப்புல அது பத்தாது. பூஜ்யத்துக்குக் கீழ இருக்கிற எண், விகிதம், சதவீதம்னு எல்லாமே கண்ணுக்குத் தெரியாத விஷயம். ஏன் அப்படி வருதுன்னு சொல்லத் தெரியணும். நீங்க சொல்லித் தர வேணாம். அவளை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்க. புரியலன்னா, புரியலன்னு சொல்லுங்க. வெக்கப்படாதீங்க.”

“அதுக்கென்ன டீச்சர், புரியலன்னு சொல்றது எனக்குக் கைவந்த கலை.”

அன்று மாலையே பட்டறையிலிருந்து ஒரு பழைய ஆர்டர் புத்தகம் வீட்டுக்கு வந்தது. அதன் பின்பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அம்மா சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய கையால் பேனா பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி பிரித்தார். ‘இன்னிக்கு என்ன? ஏன் அப்படி? எங்க இடிக்குது?’ தேதி போட்டு நிரப்பப்பட்ட பக்கங்கள் மொத்தம் நாற்பத்தொன்று. இந்த வரலாற்றின் பெரும்பகுதி அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

அப்பாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. “பேசாம டியூஷன்ல சேத்து விடு. ஆறாவதுகூடத் தாண்டாதவ ஏழாவதுக்குப் பாடம் கேக்கிறாளாம்!”

“நான் கேக்கத்தான் போறேன், நடத்தப் போறதில்ல. நீங்களும் வந்து உக்காருங்க. உங்க வண்டில டிகிரி பாக்கிறீங்களே, அது என்னன்னு இவகிட்ட சொல்லுங்க.”

அப்பா உட்கார்ந்தார். வண்டிப் பெட்டிக்குள் குளிர் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். கதவைத் திறந்து மீன் இறக்கினால் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்றுக்கு வந்துவிடும். “அப்ப எத்தனை டிகிரி ஏறுச்சு, சொல்லு பாப்போம்?” மகள் விரலை மடக்காமல் “ஏழு” என்றாள். அரையாண்டுத் தேர்வில் அதே வகைக் கணக்குக்கு இருபத்தொன்பது என்று எழுதியவள் அவள். அந்த ஆர்டர் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் ‘எங்க இடிக்குது?’ என்ற பத்தியில் அம்மா எழுதியிருப்பது: “இடிக்கல. அப்பாவுக்கு ரொம்பப் பெருமை.”

ஆறாவது வாரத்தில் சதவீதம் வந்தது. அங்கேதான் படிப்பு முட்டிக்கொண்டு நின்றது. ஒரு நாடா பத்துச் சதவீதம் நீண்டு, பிறகு பத்துச் சதவீதம் சுருங்கினால் அதன் நீளம் என்ன? பழைய நீளமே என்று மகள் எழுதியிருந்தாள். வகுப்பில் தவறு என்றார்கள். ஏன் தவறு என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கும் பிடிபடவில்லை. நான்கு நாட்கள் மூன்றாம் பத்தியில் ஒரே வாக்கியம்: “பத்து கூட்டி பத்து கழிச்சா சமம்தானே?”

ஐந்தாம் நாள் அம்மா கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார். “இருடி. எங்க பட்டறையிலயும் இதே கதைதான்.”

பட்டறையில் திரைச்சீலையைத் தைத்து, ஒருமுறை துவைத்துத் தேய்த்த பிறகே அனுப்புவார்கள். அவர்கள் வாங்கும் துணி பத்துச் சதவீதம் சுருங்கக்கூடியது. அதற்காக, கேட்ட நீளத்தோடு பத்தில் ஒரு பங்கைச் சேர்த்து வெட்டுவது அங்கே எழுதப்படாத சட்டம். ஆனாலும் துவைத்த பிறகு சீலை தரைக்கு இரண்டு விரல் மேலேயே நிற்கும். இரண்டு பெண்கள் உட்கார்ந்து அடிமடிப்பைப் பிரித்துத் தாழ்த்தித் தைப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லோரும் துணியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு நீளம் கேப்பாங்க?” என்றாள் மகள்.

“இப்ப ஒரு அரங்கத்துக்கு நாப்பது சீலை. ஒவ்வொண்ணும் இருநூத்தி எழுபது சென்டிமீட்டர். மடிப்புக்கு விடுறது தனி. அதோட இருபத்தேழைச் சேத்து இருநூத்தித் தொண்ணூத்தேழு வெட்டுறோம்.”

மகள் நோட்டிலிருந்து ஒரு நீளக் காகிதத் துண்டைக் கிழித்துப் பத்தாக மடித்தாள். ஒரு மடிப்பைக் கிழித்தாள். மீதி ஒன்பது. கிழித்ததை மறுபடி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தே நின்றுவிட்டாள்.

“அம்மா! நீ சேக்கிற பத்துச் சதவீதம் இருநூத்தி எழுபதுல. அது இருபத்தேழு. ஆனா சுருங்குறது இருநூத்தித் தொண்ணூத்தேழுல! அது இருபத்தொம்பது புள்ளி ஏழு. ரெண்டும் ஒரே பத்து இல்ல!”

“மெதுவா சொல்லு, எனக்குப் புரியல.”

“துவைச்ச அப்புறம் ஒன்பது பங்குதான் நிக்கும். ஒன்பது பங்கு இருநூத்தி எழுபதுன்னா ஒரு பங்கு முப்பது. பத்துப் பங்கு? முந்நூறு! நீ முந்நூறு வெட்டணும்மா.”

மறுநாள் பட்டறை மேஸ்திரியிடம் அம்மா இதைச் சொன்னார். மேஸ்திரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஏன் கத்திரி, உன் பொண்ணு இருபத்து மூணு மார்க் வாங்கினவதானே? அவ கணக்கை நம்பி நான் துணியை வெட்டணுமா?”

“அவ மார்க்கை நம்பாதீங்க மேஸ்திரி, காகிதத்தை நம்புங்க.” அம்மா பத்து மடிப்பை எடுத்துக் காட்டினார்.

“ஒண்ணே ஒண்ணு வெட்டு. கோளாறு வந்தா நாப்பதையும் நீயே பிரிச்சுத் தைக்கணும். சரியா?”

“சரி.”

முப்பத்தொன்பது துணிகள் இருநூற்றுத் தொண்ணூற்றேழில் வெட்டப்பட்டன, ஒன்று முந்நூறில். அதன் ஓரத்தில் அம்மா சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டார். தைத்துத் துவைத்துக் காய்ந்த பிறகு, சனிக்கிழமை பிற்பகல், தரையிலிருந்து சரியாக இருநூற்று எழுபது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த கம்பியில் இரண்டு சீலைகளை அடுத்தடுத்துத் தொங்கவிட்டார்கள். மகளும் வந்திருந்தாள். முதல் சீலை வழக்கம்போல் இரண்டு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. சிவப்பு முடிச்சுப் போட்ட சீலை தரையைத் தொட்டது. மேஸ்திரி குனிந்து, ஒரு காகிதத்தை அடியில் செருகிப் பார்த்தார். நுழையவில்லை.

தையல் பெண்கள் கைதட்டினார்கள். “ஏ பாப்பா, நீ பத்து வருஷம் முன்னாடியே பொறந்திருக்கக் கூடாதா? எங்க கண்ணு பொழைச்சிருக்குமே!” என்றாள் அடிமடிப்புப் பிரிக்கும் ஒருத்தி. மேஸ்திரி அளவுநாடாவைச் சுருட்டியபடியே கேட்டார்: “ஏன் இப்படி வருதுன்னு சொல்லு பாப்பா.” அவள் சொன்னாள். அவர் இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை, இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

ஆண்டுத் தேர்வின் கடைசிக் கேள்வி ஐந்து மதிப்பெண்ணுக்கானது. ஒரு தொட்டியில் பத்துச் சதவீதத் தண்ணீர் வற்றிய பின் நானூற்று ஐம்பது லிட்டர் இருக்கிறது; முதலில் எவ்வளவு இருந்தது, காரணத்தோடு எழுதுக. மகள் விடையை ஒரு வரியிலும் காரணத்தை ஆறு வரிகளிலும் எழுதினாள். ஓரத்தில் பத்துக் கட்டம் வரைந்து, ஒன்றை அடித்திருந்தாள். ஐந்துக்கு ஐந்து. மொத்தம் எழுபத்தொன்று.

தேர்ச்சி அட்டையில் கையெழுத்திட இந்த முறை அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே போனார்கள்.

“வீட்ல யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றார் ஆசிரியை.

“யாரும் இல்ல டீச்சர். அவதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா” என்றார் அம்மா. பிறகு கைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்பு முடிச்சுப் போட்ட ஒரு துண்டுத் துணி. “பன்னெண்டுக்கு எட்டு டீச்சர். சரியா தொண்ணூத்தாறு. தையலுக்கு ஒரு நூல்கூட விடல. அளந்து பாருங்க.”

ஆசிரியை நிஜமாகவே அளவுகோலை எடுத்து அளந்தார்.

பட்டறைச் சுவரில் இப்போது மேஸ்திரியின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘நீளத்தை ஒன்பதால் வகுத்துப் பத்தால் பெருக்கு.’ வீட்டிலிருக்கும் ஆர்டர் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், தேர்ச்சி அட்டை வந்த தேதிக்கு நேரே, அம்மா முதல் பத்தியில் எழுதியிருப்பது “எட்டாவது.” இரண்டாம் பத்தியில், “காரணம் கேட்டா சொல்லுவா.” மூன்றாம் பத்தியை மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் அடித்திருக்கிறார். அந்தக் கோடு கொஞ்சமும் கோணவில்லை.