முதல் நாளையும் சேர்த்து எண்ணினது

நூலகமொண்டில எனக்கு வேலை, பழைய புத்தகங்களின்ர பக்கங்களைப் பிடிச்ச படங்களைப் பார்த்து விவரம் எழுதுறது. போன மாரியில வந்தது முழுக்கப் பழைய கிரேக்க வைத்தியர்மார் எழுதினதுகள், முதன்முதல் ஆங்கிலத்துக்கு வந்த காலத்துப் பதிப்புகள். இரத்தம் வடிக்கிறது, பித்தம் கழிக்கிறது, எந்தக் காய்ச்சல் எத்தனையாம் நாள் விடும் எண்டு பக்கம் பக்கமாய் இருக்கும். வாசிச்சால் சாப்பாடு இறங்காது.

ஒரு ஞாயிறு காலமை, மல்வேர்னில இருக்கிற என்ர வீட்டுக் குசினி மேசையில மிச்ச வேலையை விரிச்சு வைச்சிருந்தன். மொழிபெயர்த்த மனிசன் ஓரத்தில ஒரு குறிப்புப் போட்டிருந்தார். கிரேக்கர் தொடங்கின நாளையும் ஒண்டெண்டு எண்ணுவினமாம். அதால மூண்டாம் நாள் காய்ச்சலெண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் வாறதாம். உது பெரிய புதினமோ எண்டு சிரிச்சன். முப்பத்தோராம் நாள் பார்க்கேக்க நாங்களும் செத்த நாளிலயிருந்துதானே எண்ணுறம்.

சிரிப்பு அப்பிடியே நிண்டுபோச்சு. பக்கத்து வீட்டு அன்ரிக்கு வெள்ளிக்கிழமை முழங்கால் ஒப்பரேசன். அதுக்கு முதல் முழுசா அஞ்சு நாள் இரத்தத்தை இளக்கிற குளிசை போடக்கூடாதெண்டு ஆஸ்பத்திரிக் கடிதத்தில இருந்தது. அதை வாசிச்சு, விரல் மடிச்சு எண்ணி, "ஞாயிறும் போடுங்கோ அன்ரி, திங்களில இருந்து நிப்பாட்டுங்கோ" எண்டு சொன்னவள் நான்தான். வெள்ளியையும் சேர்த்து எண்ணியிருக்கிறன், விசரி. ஒரு வரியத்துக்கு மேல காத்திருந்து கிடைச்ச நாள். இண்டைக்குக் குளிசை போட்டால் ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டிடுவாங்கள். படியேற ஏலாமல் அந்த மனுசி கீழ சோபாவில படுக்கிறா.

காலமைச் சாப்பாட்டோட குளிசை போடுறவ. மணி பத்தரை. போன் அடிச்சன், எடுக்கேல்லை. சப்பாத்தும் போடாமல் பனிக்குள்ளால ஓடினன்.

அன்ரி கோட்டும் ஊன்றுகோலுமாய் வந்து கதவைத் திறந்தா.

"குளிசை போட்டிட்டியளோ, அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. பதினொரு மணிப் பூசைக்குப் போறன். நற்கருணை வாங்கிற நாளில வாயில ஒண்டும் வைக்கிறேல்லை. வந்துதான் சாப்பாடும் குளிசையும்."

வாசல்படியிலயே குந்தியிட்டன். பிழையைச் சொன்னன். அன்ரி ஏசேல்லை. உள்ள போய் அண்டைக்குப் போட இருந்த அந்த ஒரு குளிசையை எடுத்துக்கொண்டு வந்து என்ர கையில வைச்சு, "நீயே வைச்சிரு. முதல் காலைத் துடை" எண்டா. திங்கள் விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு அடிச்சு, எந்தெந்த நாள் போடக்கூடாதெண்டு ஒவ்வொரு நாளாய்ப் பேர் சொல்லிக் கேட்டு எழுதினன்.

வெள்ளி சொன்னபடி ஒப்பரேசன் நடந்தது. இப்ப காலமையில அவவின்ர மேல்மாடி யன்னல் திரை விலகும். அதைப் பார்த்திட்டுத்தான் நான் பஸ்சுக்குப் போறன்.