பட்டியல் இல்லாத இழுப்பறை

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் கத்தரியக்காவுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒன்று வாசலில் படுத்திருக்கும் பூனை, இன்னொன்று புது நிர்வாகி. பூனைக்காவது கொஞ்சம் விவரம் உண்டு.

அக்காவின் வேலை கேட்பதற்குச் சுலபம். முந்தைய நாள் பத்திரிகையை வெட்டி, அரைத்தாளில் ஒட்டி, தேதி, பிரிவு முத்திரைகள் குத்தி, கல்வி, கலை, மருத்துவம் என்று அந்தந்த இழுப்பறையில் போட்டு, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முப்பத்தொரு வருடப் பசையில் அவருடைய கட்டைவிரல் ரேகையே அழிந்துவிட்டது. வருகைப் பதிவு இயந்திரத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அதனால் இன்னும் நோட்டில்தான் கையெழுத்து. அந்த நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இதரப் பணியாளர்' என்று இருக்கும். பிழை திருத்தும் மேசைக்காரியான எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும்.

கீழ்த்தட்டில் ஓர் இழுப்பறை இருந்தது. 'மகளிர் – இதர'. ஒரு பெண் அறுவை சிகிச்சை செய்தாலும், பள்ளிக்கூடம் நடத்தினாலும், ஓவியம் வரைந்தாலும் செய்தி அதற்குள்தான் போகும். அக்காவுக்கு முன்பிருந்தவர் தொடங்கிவைத்த பழக்கம். அதற்குப் பதிவேடு கிடையாது. அதற்கெல்லாம் எதற்கு என்று விட்டிருந்தார்கள். அக்காவும் அப்படியே போட்டுவந்தார்.

ஒரு நாள் 'நம் கலைஞர்கள்' என்ற சிறப்புக் கட்டுரை பிழை திருத்த வந்தது. நாற்பத்திரண்டு பேர், ஒருவர்கூடப் பெண் இல்லை. அக்காவிடம் காட்டினேன். எழுதிய நிருபரைப் பிடித்துக் கேட்டார்.

"கலை டிராயர் முழுக்கப் புரட்டிட்டேங்க்கா. பொம்பளைங்க யாருமே இல்ல."

அக்கா கீழ்த்தட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். முப்பது வருடம் நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்த பெண், இடுப்பில் தூரிகையைச் செருகிக்கொண்டு ஏணிமேல் நிற்கிறார்.

"இத அங்க போட்டது நான்தான்டி," என்றார் என்னிடம். "என் கையாலேயே போட்டிருக்கேன்."

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அவ்வளவு ஆத்திரம், அதுவும் தன் மேலேயே.

மறுவாரம் திங்கட்கிழமை நிர்வாகியின் உத்தரவு வந்தது. எல்லா இழுப்பறைகளும் கணினியில் ஏறும். ஐந்து வருடமாக யாரும் கேட்டுவராத 'மகளிர் – இதர' மட்டும் சனிக்கிழமை பழைய பேப்பர்காரருக்குப் போகும். இருப்பது தெரிந்தால்தானே கேட்டு வருவார்கள்? அக்கா "சரிங்க சார்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவர் அவ்வளவு சுலபத்தில் அடங்குகிறவர் இல்லை.

ஐந்து நாளும் அக்காவின் கை ஓயாமல் ஓடியது. ஒவ்வொரு தாளிலும் 'இதர' முத்திரையைச் சிவப்பு மையால் அடித்தார், பக்கத்தில் 'மருத்துவம்' என்றோ 'கல்வி' என்றோ எழுதி அந்த இழுப்பறைக்குள் தேதி வரிசையில் செருகினார். ஏணிக்காரி கலைக்குப் போனாள்.

"ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. வேலை போயிடும்க்கா," என்றேன்.

"போனா போகட்டும். பேசாம அந்த ரெண்டு கட்டைத் தூக்கு."

தூக்கினேன்.

சனிக்கிழமை பேப்பர்காரர் கோணியோடு வந்து இழுப்பறையை இழுத்தார். உள்ளே ஒரு குண்டூசி கிடந்தது. நிர்வாகி ஓடிவந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கம்மா?"

"அதது இடத்துக்குப் போயிடுச்சு சார்."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துத் திரும்ப இதுல போடுங்க."

"போடறேன் சார். இதுல என்னென்ன இருந்துச்சுன்னு ஒரு லிஸ்ட் குடுங்க. ஒண்ணு விடாம எடுத்துத் தரேன்."

நிர்வாகி பதிவேட்டு அலமாரியைத் திறந்தார். விளையாட்டுக்குப் பதினோரு பதிவேடுகள் இருந்தன, வானிலைக்கே மூன்று இருந்தன. எங்கள் ஆவண அறையில் பட்டியலே இல்லாத இழுப்பறை அது ஒன்றுதான். பட்டியல் இல்லாமல் தேடுவதென்றால் எல்லா இழுப்பறைகளிலும் ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். அதை யாரும் ஒரு பொருட்டாக மதிக்காததே அதைக் காப்பாற்றியது. நான் மேசைக்கடியில் குனிந்துகொண்டு சிரித்தேன்.

அரை மணி நேரத்தில் குற்றச்சாட்டுக் கடிதம் தட்டச்சாகி வந்தது. அனுமதியின்றி ஆவணங்களைக் கலைத்தமை. மேலே அவர் பெயர், அடுத்து 'இதரப் பணியாளர்'. நிர்வாகி எதிரிலேயே நின்று, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அக்கா என் பக்கம் கையை நீட்டினார். "உன் சிவப்புப் பேனாவைக் குடு."

'இதரப் பணியாளர்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே 'ஆவணக் காப்பாளர்' என்று நிறுத்தி எழுதினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இப்ப சரியா இருக்கு சார்."